கையை விட்டாலும் நிற்கும்

செல்லூரில் அழகுபாண்டியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய செயின் பிளாக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. விசைத்தறிக் கூடத்தில் மோட்டார் இறக்க வேண்டுமா, லாரிப் பட்டறையில் இன்ஜினைத் தூக்க வேண்டுமா, மேலூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே எடுக்க வேண்டுமா, கிரேன் நுழையாத சந்துபொந்து எதுவானாலும் ஆட்கள் அவர் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். அரை டன்னிலிருந்து ஐந்து டன் வரை பதினோரு செயின் பிளாக் வைத்திருக்கிறார். எல்லாம் வாடகைக்கு. பழுது பார்ப்பதும் அவரேதான்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே கொக்கியில் தொங்கும் இரும்பு உருண்டை. அதிலிருந்து இரண்டு சங்கிலிகள் இறங்கும். ஒன்று பாரத்தைத் தாங்குவது, மற்றது மனிதன் கையால் இழுப்பது. கைச்சங்கிலியை இழுக்க இழுக்க, டக்கு டக்கு என்ற சத்தத்தோடு பாரம் விரல்கடை விரல்கடையாக ஏறும். கரண்டும் வேண்டாம், டீசலும் வேண்டாம். எல்லாவற்றையும் விட முக்கியம், இழுக்கிறவன் பாதியில் கையை எடுத்தாலும் பாரம் இறங்காது. உள்ளே இருக்கிற பிரேக் தட்டு கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அழகுபாண்டி வாடகைக்கு விடும்போதெல்லாம் இதைத்தான் பெருமையாகச் சொல்வார். "கைய விட்டாலும் நிக்கும்ணே. அந்தரத்துல தொங்க விட்டுட்டுப் போயி நிம்மதியா ஒரு டீயக் குடிச்சுட்டு வாங்க. வச்சது வச்ச எடத்துல இருக்கும்."

செக்கானூரணிப் பக்கத்துக்காரர். மழையை நம்பி மூன்று ஏக்கர், அதற்கு நான்கு ஆண்பிள்ளைகள். பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும் என்று பத்தொன்பது வயதில் செல்லூருக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்தார். மேலூரில் ஒரு கல் குவாரியை மூடியபோது, துருப்பிடித்துக் கிடந்த செயின் பிளாக் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தார். ஒரு மாதம் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். அதில் தொடங்கியதுதான் எல்லாம். முத்துத்தாயைக் கட்டியது, மகள் திவ்யாவைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்தது எல்லாம் அந்தச் சங்கிலி இழுத்துக் கொடுத்ததுதான். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொக்கி கொஞ்சம் வாய் பிளந்திருந்தாலும் வாடகைக்கு விட மாட்டார். எவனாவது தெரியாமல் பிரேக் பக்கம் எண்ணெய்க் கேனைக் கொண்டுபோனால் போச்சு, அவன் பரம்பரையையே இழுத்துவிடுவார். "டேய், சங்கிலிக்கு எண்ணெய் சாமி. பிரேக்குக்கு எண்ணெய் எமன்!"

இப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆயுத பூஜை. அன்று ஆயுதங்களுக்குக் குளியல் உண்டு. ஒவ்வொரு செயின் பிளாக்கையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகத் தொங்க விட்டாயிற்று. இரண்டு டன் பிளாக் ஒன்று மட்டும் மக்கர் செய்தது. பல்சக்கரத்தில் டக்கு டக்கு என்று விழ வேண்டிய நாக்கு, துரு ஏறி ஒட்டிக்கொண்டது. மூடியைப் பிரித்துத் தேய்க்க அரை மணி நேரம் ஆகும். முத்துத்தாய் பொரிகடலைத் தட்டோடு நின்று கத்தினாள்.

"நல்ல நேரம் முடியப் போகுது. இன்னும் அந்தச் சனியனக் கட்டிக்கிட்டு அழுகுறீகளே!"

அழகுபாண்டி எண்ணெய்க் கேனை எடுத்தார். மூடி இடுக்கு வழியாக நான்கு சொட்டு விட்டார். நாக்கு அசையவில்லை. கோபத்தில் கேனைக் கவிழ்த்தே விட்டார். நாக்கு விழுந்தது. உள்ளே எண்ணெய் எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். சாமி கும்பிட்டதும் பிரித்துப் பெட்ரோலில் துடைத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. தொட்டால் சாமி குற்றம். சரி, விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

விடிந்தது. விஜயதசமி. ஆறு மணிக்கெல்லாம் வீரணன் வந்துவிட்டான்.

வீரணன் கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர்க்காரன். ஆழ்குழாயில் இறங்கிய மோட்டாரைக் குழாய் குழாயாக மேலே எடுப்பதில் அந்தப் பக்கத்திலேயே அவனைப் போல் ஆள் இல்லை. பத்து வருஷமாக அழகுபாண்டியின் செயின் பிளாக்கைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை. கடையில் பாதி ஆள் மாதிரி. அழகுபாண்டி குளித்துவிட்டு வருவதற்குள், அவனே இரண்டு டன் பிளாக்கை இறக்கி, குங்குமம் கலையாமல் பைக்கில் கட்டி முடித்திருந்தான்.

"அண்ணே, எங்க ஊருலயே ஒரு மோட்டாரு. பயிரு தண்ணியில்லாமக் கெடக்கு. மொதப் போணி என்னோடது, வாரேன்ணே!"

"நல்லா வாடா" என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே வாழ்த்தி அனுப்பினார்.

பைக் தெருமுனையில் திரும்பும்போதுதான் எண்ணெய் ஞாபகம் வந்தது. வீரணா என்று கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிடவில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதா? அதுவும் விஜயதசமியன்று, முதல் போணியை? வாயை மூடிக்கொண்டார். சகுனம் பார்த்தாராம், சகுனம்! ஒரு குரல் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதினோரு மணி வரை இருப்புக்கொள்ளவில்லை. ஒன்றும் ஆகாது, கொஞ்சம் எண்ணெய்தானே என்று இரண்டு முறை சமாதானம் செய்துகொண்டார். அப்புறம் மனசு கேட்காமல் போன் போட்டார். பாரத்தைத் தொங்க விடாதே, முதலில் மூடியைக் கழற்றித் துடை என்று சொல்ல நினைத்தார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

அங்கே நடந்தது இதுதான். கிணற்றின் மேல் இரும்பு முக்காலி, அதில் செயின் பிளாக். தட்டில் எண்ணெய் முழுக்கப் பரவுவதற்குள் முதல் நான்கு குழாய்கள் ஒழுங்காக வந்துவிட்டன. ஐந்தாவதைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கீழே மோட்டாரும் மிச்சக் குழாய்களும் முக்கால் டன் பாரமாகத் தொங்கின. வீரணனின் அக்கா சோணையம்மாளின் புருஷன் முத்துக்குமரன், குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பை மாட்டக் கிணற்று வாயருகே குத்தவைத்து ஒரு காலை நீட்டியிருந்தான். அந்த நேரத்தில் வீரணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சங்கிலியிலிருந்து கையை எடுத்தான். பத்து வருஷமாக எடுக்கிற கைதானே? கையை விட்டாலும் நிற்கும் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்த பொருள்தானே? நிற்கவில்லை. கைச்சங்கிலி தானாகச் சரசரவென்று ஓடியது. குழாயோடு கொக்கியில் தொங்கிய மேல் கிளாம்பு முத்துக்குமரனின் முழங்காலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

திரையில் இருந்த பெயர் அழகுபாண்டி அண்ணன்.

மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அழகுபாண்டி மூன்று நாள் அங்கேயே கிடந்தார். ரத்தத்துக்கு ஆள் பிடித்தார், சோணையம்மாளுக்கு இட்லி வாங்கி வந்து கெஞ்சிச் சாப்பிட வைத்தார். "கூடப் பொறந்த பொறப்பு கூட இப்படிப் பாக்காதுண்ணே" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவர் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் இருந்தது. இருந்தும் வாய் திறந்தாரா? இல்லை.

நான்காம் நாள் செயின் பிளாக் கடைக்குத் திரும்பி வந்தது. கடையைச் சாத்திக்கொண்டு பிரித்துப் பார்த்தார். பிரேக் தட்டு இரண்டும் எண்ணெயில் குளித்திருந்தன. விரலை வைத்தால் வழுக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவர் அழுதார். அழுதுகொண்டே ஒரு கோப்பை பெட்ரோலை எடுத்துத் தட்டைத் துடைத்தார். சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துப் பூட்டினார்.

பன்னிரண்டாம் நாள் ஊர் மந்தையில் கூடினார்கள். போலீஸ், கேஸ் என்று போக வேண்டாம், குடும்பத்துக்குள் நடந்தது, தப்பு மிஷின் மேலா ஆள் மேலா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார்கள். மதுரையிலிருந்து மிஷின்காரர் வரட்டும், அவர் சொன்னால் சரி. அழகுபாண்டி போனார். துடைத்த பிளாக்கோடு போனார். புளியமரக் கிளையில் மாட்டி, ஒரு கல்லைக் கட்டித் தூக்கி, நாற்பது பேர் முன்னால் கையை எடுத்தார். கல் அசையாமல் நின்றது.

"மிசினு நிக்குதே. அப்ப அன்னைக்கு எப்புடி ஓடுச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அழகுபாண்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடை, பெயர், போலீஸ், திவ்யாவின் கல்யாணம் எல்லாம் ஒரு சுற்று கண்முன் வந்து போயின. "என்ன இருந்தாலும்... அடியில ஆளு இருக்கையில கைய விட்டிருக்கக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான். முடிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

பெரியவர் வீரணன் பக்கம் திரும்பினார். "அம்புட்டு அவசரமா யாருடா போன்ல?" என்று கேட்டதற்கு, "தெரியாத நம்பரு" என்று மட்டும் சொன்னான். அழகுபாண்டி அண்ணன் பெயரை எதற்கு இதில் இழுப்பது என்று நினைத்தான் அந்தப் பாவி. சோணையம்மாள் எழுந்து வந்து, தம்பியின் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். "எனக்குத் தம்பி இல்ல. செத்துட்டான்" என்றாள். அன்றோடு சரி. ஒரே ஊரில் மூன்று தெரு தள்ளி வீடு. வீரணனுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோதுகூட அவள் போய்ப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அழகுபாண்டி யாரிடமும் 'கைய விட்டாலும் நிக்கும்' என்று சொல்வதில்லை. யாராவது இரண்டு டன் பிளாக் கேட்டால், ரிப்பேர் என்று சொல்லிவிடுவார். முத்துத்தாய் ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

இரண்டு வருஷம் ஆகப் போகிறது. போன ஆவணி முதல் வாரம், செல்லூர்க் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முத்துக்குமரன் ஊன்றுகோலை முதலில் இறக்கி, அப்புறம் தான் இறங்கினான். சோணையம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். மகள் சரண்யாதேவிக்குக் கல்யாணம். நர்ஸ் படித்த பெண், நல்ல இடம்.

"மொதப் பத்திரிக்கை சாமிக்கு. ரெண்டாவது ஒங்களுக்குத்தாண்ணே" என்று தட்டை நீட்டினாள் சோணையம்மாள்.

அழகுபாண்டி வாங்கிப் படித்தார். முன்னிலை என்று போட்டு, அவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கண் கீழே இறங்கியது. தாய்மாமன் என்ற இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட தம்பியின் பெயர் இருந்தது.

"வீரணன் பேரு..." என்று இழுத்தார்.

"அவன் பேர எடுக்காதீகண்ணே" என்றாள் சோணையம்மாள். முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறை ஏறுவது அந்த ஊரில் பெற்றவன் இல்லாமல் ஏறுவதை விடப் பெரிய குறை. கூடப் பிறந்தவன் உயிரோடு மூன்று தெரு தள்ளி உட்கார்ந்திருக்க, இன்னொருத்தன் வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டால் அப்புறம் ஒட்டாது. அந்த உறவு அறுந்தது அறுந்ததுதான். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். தான் வாய் திறந்தால் வீரணன் அந்த மணவறையில் நிற்பான், திறக்காவிட்டால் இனி எப்போதும் நிற்க மாட்டான் என்பது அழகுபாண்டிக்குப் புரிந்தது.

அவர்கள் போனதும் முத்துத்தாய் பத்திரிகையைக் கையில் வாங்கிப் பூரித்தாள். "பாத்தீகளா, எம்புட்டு மரியாத!" என்றாள். அழகுபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெயிலிருந்து பெட்ரோல் வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

"நான்தான கத்துனேன் நல்ல நேரம் போகுதுன்னு" என்றாள் முத்துத்தாய் முதலில். பிறகு, "எண்ணெய ஊத்துனதக்கூட கை தவறுன்னு சொல்லிக்கலாம். ஒக்காந்து தொடச்சீகளே, அது என்ன தவறு?" என்று கேட்டாள்.



மறுநாள் காலை மேலூர் போனார். வீரணன் இப்போது மோட்டார் வேலைக்குப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூலி ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்று, கிடைக்கிற கட்டட வேலைக்குப் போய் மண் சுமக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தான். அழகுபாண்டியைக் கண்டதும், "அண்ணே, வாங்கண்ணே! டீ சாப்புடுங்க" என்று ஓடி வந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"ஒனக்கு எத்தன தடவ போன் போடுறது? எந்நேரமும் சுவிட்ச் ஆப்பு."

"போன் வச்சுக்கறதில்லண்ணே. மணி அடிச்சாலே கை நடுங்குது" என்று சிரித்தான் வீரணன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல், பிரேக்கில் எண்ணெய் விட்டதையும், துடைக்காமல் கொடுத்ததையும், பிறகு யாருக்கும் தெரியாமல் துடைத்ததையும் சொன்னார். வீரணன் டீயை ஊதிக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எம் மனசத் தேத்தணும்னு இப்புடிச் சொல்றீகளாண்ணே? வேணாம்ணே. நீங்க போயி பிரேக்குல எண்ணெய விடுவீகளா? எனக்குத் தெரியாதா ஒங்கள?"

என்ன சோதனை பாருங்கள்! பொய்யை நாற்பது பேர் ஒரே மூச்சில் நம்பினார்கள். உண்மையை ஒருத்தன்கூட நம்ப மாட்டேன் என்கிறான்.

"டேய், முத்துத்தாய் மேல சத்தியமா சொல்றேன். கேன அப்புடியே கவுத்தேன்டா" என்றார் அழகுபாண்டி. "அதச் சொல்லத்தான் அன்னைக்குப் போன் போட்டேன்."

வீரணன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான். டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"ரெண்டு வருசமா, சங்கிலி எப்புடிக் கைய விட்டுப் போச்சுன்னு நெனச்சு நெனச்சு நான் தூங்குனதே இல்ல" என்றான். "கடேசி இழுப்பு சரியா இழுக்கலையோ, பாதியில விட்டுட்டேனோ, எந்தக் கை முன்னாடி இருந்துச்சு, எந்தக் கை பின்னாடி இருந்துச்சுன்னு... அம்புட்டும் நீங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்தீகளா?"

அண்ணே என்ற சொல் இல்லை. அதை அழகுபாண்டி கவனித்தார்.

"அக்காட்டப் போயிச் சொல்லுங்க. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்று எழுந்து, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்களோடு போய் நின்றுகொண்டான்.

அன்று மதியமே சோணையம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் அடுப்படியில் கல்யாணத்துக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமரன் கட்டிலில் இருந்தான். நின்றபடியே சொன்னார். சோணையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். மிளகாய் கருகி வீடெல்லாம் நெடி ஏறியது, மூன்று பேரும் இருமினார்கள், யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அவள் திட்டுவாள், அடிப்பாள், காலில் விழ வேண்டும் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"மந்தையில எத்தன பேரு இருந்தாகண்ணே அன்னைக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பது பேரு இருக்கும்மா."

"நாப்பது பேரு முன்னாடி சொன்ன பொய்ய, எங்க அடுப்படியில வந்து திருத்திட்டுப் போகப் பாக்குறீகளா?" அவள் குரல் ஏறவே இல்லை. "வார வெள்ளிக்கெழம மந்தையில முகூர்த்தக்கால் ஊன்றோம். ஊரே நிக்கும். அங்க வந்து சொல்லுங்க. எந்தம்பி மூஞ்சில நான் மண்ணத் தூத்துன அதே எடத்துல நின்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள். போகாமல் இருந்துவிடலாமா என்று அழகுபாண்டி நினைக்காமல் இல்லை. சொன்னால் அந்தப் பக்கத்துத் தொழில் அத்தோடு போகும். செல்லூருக்கும் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும்? உடம்புக்கு முடியவில்லை என்று ஆள் விட்டுச் சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. வியாழக்கிழமை முத்துத்தாய் வேட்டி சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். "நானும் வாரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் பூசி மாவிலை கட்டிய முகூர்த்தக்காலை மந்தையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு இருந்த நாற்பதை விடக் கூட்டம் கூடுதல். வீரணனை யாரோ போய்க் கூட்டி வந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு, வருவதா வேண்டாமா என்று ஓரமாக நின்றான். முத்துக்குமரன் ஊன்றுகோலோடு நாற்காலியில் இருந்தான்.

அழகுபாண்டி நடுவில் போய் நின்றார். கைகூப்பினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு ஒரு வார்த்த சொன்னேன். அது பொய்யி" என்றார். "பிரேக்குல எண்ணெய் ஊத்துனது நான். எண்ணெய் இருக்குன்னு தெரிஞ்சும் கூப்பிட்டுச் சொல்லாம அனுப்புனது நான். அப்பறம் தொடச்சுட்டுத்தான் ஒங்க முன்னாடி கல்லத் தூக்கிக் காட்டுனேன். செயின் பிளாக்குன்னா கைய விட்டாலும் நிக்கணும். அந்த நம்பிக்கையிலதான் எல்லாரும் கைய விடுறாக. வீரணன் மேல ஒரு குத்தமும் இல்ல."

கூட்டத்தில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பெரியவர் ஒருவர் தூவென்று துப்பினார். முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகுபாண்டி திரும்பப் போகும்போது, முத்துக்குமரனின் குரல் கேட்டது.

"அன்னைக்குப் போன்ல யாருன்னு மந்தையில கேட்டாகளாம். தெரியாத நம்பருன்னு சொன்னானாம். ஒங்களுக்குத் தெரியுமா?"

அதை மட்டும் விட்டுவிட்டிருந்தார் அழகுபாண்டி. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வீரணன் இனியும் சொல்ல மாட்டான். ஓரமாக நின்றவனை ஒரு முறை பார்த்தார்.

"நான்தாம்ப்பா" என்றார். "எண்ணெயத் தொடன்னு சொல்லப் போட்டேன். எம்பேரு வெளிய வந்துரக் கூடாதுன்னு அவன் மறைச்சுட்டான்."

அப்போதுதான் சோணையம்மாள் அழுதாள். அதுவரை கல்லாக நின்றவள், தலையில் அடித்துக்கொண்டு ஓடிப் போய்த் தம்பியின் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கினாள். பிள்ளை புது முகத்தைப் பார்த்து வீறிட்டது. அவள் விடவில்லை. "அத்தைடா, அத்தைடா" என்று அரற்றிக்கொண்டே இருந்தாள். யாரோ வீரணனைத் தள்ளிக்கொண்டு போய் முகூர்த்தக்காலைப் பிடிக்க வைத்தார்கள். குலவைச் சத்தம் எழுந்தது.

அழகுபாண்டியை யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முத்துத்தாயோடு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தார். பஸ் நிறுத்தத்தை எட்டும்போது, பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முத்துக்குமரன் தனியாக வந்துகொண்டிருந்தான். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு வாங்கியது. மன்னித்தேன் என்று சொல்லத்தான் வருகிறான் என்று அழகுபாண்டிக்கு ஒரு நப்பாசை. ஓடிப் போய்க் கையைப் பிடிக்கப் போனார். முத்துக்குமரன் கையைக் கொடுக்கவில்லை.

"காலு போனதுக்கு ஒங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்க வரல" என்றான். "ரெண்டு வருசமா தெனம் வேலைக்குப் போறப்பயும் வாரப்பயும் எங்க வாசலுக்கு எதுத்தாப்புல வந்து நின்னுட்டுப் போவான் எம் மச்சான். மழ பேஞ்சாலும் நிப்பான். மாமா எப்புடி இருக்கீகன்னு ஒருவாட்டி கேட்டான். நான் கட்டுலுல படுத்துக்கிட்டே பாப்பேன். வாடான்னு ஒரு வார்த்த சொல்லல. செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுவேன். நீங்க மந்தையில நின்னு சொல்லிட்டீக, ஒங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. நான் திரும்பிப் படுத்தத நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

மேலூர் பஸ் வந்து நின்றது. முத்துத்தாய் கையைப் பிடித்து இழுத்தாள். அழகுபாண்டி ஏறவில்லை. அவன் கேட்டதற்குச் சொல்ல ஏதாவது இருக்குமா என்று தேடிக்கொண்டு அங்கேயே நின்றார். கண்டக்டர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.